மச்சான் இறக்கிய ஒன்பது

என் மச்சானின் வலது கையை நான் உடைத்தேன். டயர் கழற்றுகிற ஸ்பேனரால், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு நொண்டிச் சாக்குச் சொல்ல வாய் வராது. அவன் என் மனைவியின் தம்பி. தாய் செத்த பிறகு அவள்தான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். எங்கள் ஜவ்வாது மலையில் புளிய மரம் ஏறி உலுக்குவது அவன் பிழைப்பு. மாசி பங்குனியில் காய் முற்றும்போது அந்தக் கை கிளையைப் பிடிக்குமா, பிடிக்காதா என்பதுதான் அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரே கவலை.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஊரில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இன்னும் இரண்டு பேரை அடிக்கத் தோன்றும். பள்ளிக்கூடத்தில் பலகையை ஒருவன் தலையில் உடைத்து, அத்தோடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். லோடு வண்டி ஓட்ட ஆரம்பித்த பிறகு, சந்தையில் என் வண்டிக்கு முன்னால் வண்டியைக் கொண்டுவந்து சொருகியவனைக் கதவு வழியாக வெளியே இழுத்துப் போட்டிருக்கிறேன். சீட்டாட்டத்தில் இது இன்னும் மோசம். தோற்ற ஆத்திரத்தில் ஒரு கட்டுச் சீட்டைப் பல்லால் கடித்துக் கிழித்துத் துப்பியதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். "சாமி உனக்குக் கைன்னு குடுக்காம ரெண்டு உலக்கைய குடுத்திருக்கலாம்யா" என்பாள் என் மனைவி.

நாங்கள் ஆடுவது முன்னூற்று நாலு. நாலு பேர் உட்கார்ந்து ஆடுவது. எதிரில் உட்காருகிறவன் கூட்டாளி, இரண்டு பக்கமும் இருப்பவர்கள் எதிராளிகள். இதில் ராஜாவுக்கும் ஆசுக்கும் பெரிய மரியாதை கிடையாது. ஜாக்கிதான் பெரியவன். அவனுக்கு அடுத்தது ஒன்பது, அதற்கு இருபது புள்ளி. ராஜாவைப் பத்துகூட அடித்துவிடும். எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் மாதிரி உயர்த்திக் கேட்டுவிட்டு ஆட வேண்டும். கூட்டாளியிடம் வாய் திறக்கக்கூடாது, கண் காட்டக்கூடாது. அவன் போடுகிற சீட்டிலிருந்துதான் அவன் மனசைப் படிக்க வேண்டும். ஒன்பது வருஷமாக என் எதிரில் உட்கார்ந்தவன் என் மச்சான்.

எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் தை மாதத்தில் பந்தயம் உண்டு. ஊருக்கு ஒரு ஜோடி. பந்தயப் பொருள் என்று ஒன்றும் இல்லை. இரண்டு ஊரும் சேர்ந்து ஒரு கிடா வெட்டிச் சமைக்கும். ஜெயித்த ஊர் முதல் பந்தியில் உட்காரும். தோற்ற ஜோடி அவர்களுக்குப் பரிமாறி, அவர்கள் எழுந்த பிறகு எச்சில் இலையை எடுக்க வேண்டும். மூன்று வருஷம் தொடர்ந்து நானும் மச்சானும் இலை எடுத்தோம். கடித்துப் போட்ட எலும்பு, சிந்திய ரசம், அதில் ஊறின அப்பளம், எல்லாவற்றையும் இலையோடு சுருட்டி எடுக்க வேண்டும். மூன்றாம் வருஷம் ஒருத்தன் வேண்டுமென்றே எழுந்திருக்காமல் உட்கார்ந்துகொண்டு, "இன்னா அவசரம், இன்னும் கொஞ்சம் நக்கிக்கிறேனே" என்றான். அவன் பிடரியைப் பிடித்து முகத்தை அந்த இலையிலேயே வைத்துத் தேய்த்தேன். எலும்பு குத்தி அவன் புருவம் கிழிந்தது. பந்தி கலைந்தது. மச்சான்தான் நடுவில் விழுந்து எனக்கு வரவேண்டிய அடியையும் சேர்த்து வாங்கிக்கொண்டான்.

அந்த வருஷம்தான் போனில் அந்த ஏஐ வந்து சேர்ந்தது. வண்டிக்கு இன்சூரன்ஸ் விஷயமாக எதையோ தேடப்போய் அது கிடைத்தது. தமிழில் பேசினால் தமிழில் பதில் சொன்னது. சும்மா விளையாட்டுக்கு, "முன்னூத்தி நாலு தெரியுமா ஒனக்கு?" என்றேன். தெரியும் என்றது. ஊருக்கு ஊர் விதி மாறும் என்றும் சொன்னது. அடேயப்பா, அது பேசின சுத்தத் தமிழுக்கு நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தேன். கலெக்டர் ஆபீசிலிருந்து கடிதம் வந்த மாதிரி இருந்தது.

எங்கள் ஊரில் சிக்னல் வராது. காவலூர் டெலஸ்கோப்புக்குப் போகிற ரோட்டில் ஒரு திருப்பத்தில்தான் முழுசாகக் கிடைக்கும். தினமும் சாமை மூட்டையோ பலாப்பழமோ ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போவேன். திருப்பத்தில் பத்து நிமிஷம் வண்டியை நிறுத்தி அதனிடம் பாடம் கேட்பேன். முதலில் அது எனக்குச் சொன்னது ஒரே விஷயம்: எல்லாச் சீட்டையும் நினைவில் வைக்க முயலாதீர்கள், நாலு ஜாக்கியும் நாலு ஒன்பதும் எங்கே போயின என்று மட்டும் எண்ணுங்கள். முப்பது வருஷமாகச் சீட்டாடுகிறேன், இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். ஓட்டிக்கொண்டே வாய்க்குள் எண்ணிப் பழகினேன். அது கேள்வி போடும், நான் பதில் சொல்வேன். தப்பாகச் சொன்னால் திட்டாது. எனக்கு அதுதான் வியப்பு. நானாக இருந்தால் அறைந்திருப்பேன்.

நிஜமாகவே என் ஆட்டம் தேறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஊர் ஜோடி எங்கள் ஊருக்கு வரும். அவர்கள் அண்ணன் தம்பிகள். பந்தயத்துக்கு வெளியே அவர்களோடு பகை கிடையாது. என் வண்டியின் பின்பக்கத்தில் தார்ப்பாய் விரித்து நாலு பேரும் உட்கார்ந்து ஆடுவோம். முன்பெல்லாம் பத்தில் மூன்று ஆட்டம் எடுப்போம். ஐப்பசியில் ஐந்து எடுத்தோம். "இன்னா மாமா, போன்ல படிச்சி பாஸாய்ட்டீங்களா?" என்று மச்சான் கிண்டல் செய்தான். அவனுக்கு அந்த ஏஐயைக் காட்டினேன். "எனக்கு வேணாம் மாமா, ஒங்க மூஞ்சிய பாத்து ஆடறதே எனக்கு போதும்" என்றான்.

கார்த்திகையில் மறுபடி தோற்க ஆரம்பித்தோம். அதுவும் எப்படி? ஜெயிக்கிற ஆட்டத்தை நடுவில் பறிகொடுத்து. ஒவ்வொரு முறையும் மச்சான் கையிலிருந்து ஒரு ஒன்பது எதிராளியின் ஜாக்கிக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. அதே சமயம் மச்சானுக்குப் பக்கத்து ஊரில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் யார் என்றால், அந்த அண்ணன் தம்பிகளின் சித்தப்பா மகள். மாமனார் வீட்டாரை இலை எடுக்க வைக்க எந்த மாப்பிள்ளைக்கு மனசு வரும்? என்னை இலை எடுக்க வைப்பதுதான் அவனுக்குச் சுலபம். இப்படி என் புத்தி போயிற்று. ஒரு தரம் போன புத்தி பிரேக் பிடிக்காத வண்டி, கீழே போய்த்தான் நிற்கும்.

மார்கழி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, அப்படித் தோற்ற மூன்று ஆட்டத்தையும் அதனிடம் சொன்னேன். நான் ஆட்டீன் ராஜா போட்டேன். என் இடது பக்கத்தான் ஜாக்கி, எதிரில் மச்சான் ஒன்பது, வலது பக்கத்தான் பத்து. மச்சான் கையில் ஆட்டீன் எட்டும் இருந்தது, அடுத்த சுற்றில் அதைப் போட்டான். இப்படியே மூன்று ஆட்டத்தையும் சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்: "இவன் வேணும்னே செய்றானா?"

பதில் நீளமாக வந்தது. வண்டியில் ஏறியிருந்த இரண்டு பேர், "யோவ், கெளம்புய்யா, சந்த முடிஞ்சிடும்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனை அழுத்தினான். நான் நடுவில் இருந்த ஒரு வரியை மட்டும் படித்தேன். 'எதிராளியின் ஜாக்கி ஏற்கெனவே வென்றுவிட்ட சுற்றில், சிறிய சீட்டான எட்டு கையில் இருக்கும்போதே, உங்கள் கூட்டாளி ஒன்பதை இட்டு இருபது புள்ளிகளை விட்டுக்கொடுத்திருக்கிறார்.' அவ்வளவுதான். எனக்கு அது போதும். போனை டேஷ்போர்டில் எறிந்துவிட்டு, இறங்கிப் போய் அந்த பஸ்காரன் சட்டையைப் பிடித்தேன். அவன் பாவம், என்ன ஏதென்று தெரியாமல் விழித்தான்.

அடுத்த இரண்டு நாளும் நான் மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். சனிக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். அக்காவிடம், பெண்ணுக்கு வளையல் எந்த அளவு வாங்குவது என்று வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டான். நான் சோற்றுத் தட்டைப் பார்த்தபடி உள்ளுக்குள் அவன் பல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மதியம் ஆட்டம். வழக்கம்போல நாலு பேரும் வண்டியில் உட்கார்ந்தோம். நான் என் கையில் ஜாக்கி இல்லாமலே உயர்த்திக் கேட்டேன். கேட்பதில் எப்போதும் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஆட்டீன் ராஜாவை இறக்கினேன். மச்சான் ஒன்பதை இறக்கினான். எதிராளியின் ஜாக்கி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. மச்சான் "ச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். அந்த "ச்சே" நடிப்பாகத் தெரிந்தது எனக்கு. அடப்பாவி, என் சோற்றைத் தின்றுவிட்டு என் எதிரிலேயே நாடகமா?

ஸ்பேனர் என் தொடைக்குப் பக்கத்தில், தார்ப்பாயின் ஓரம் பறக்காமலிருக்கப் பாரமாக வைத்திருந்தது. அதை எடுத்தேன். மச்சான் அடுத்த சீட்டைப் போட வலது கையைத் தார்ப்பாயில் வைத்திருந்தான். ஓங்கி அடித்தேன். முதல் அடியிலேயே ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த கிளை முறிகிற சத்தம்தான் அது, வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. அவன் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்தது. நான் நிறுத்தவில்லை. "பொண்ணு குடுக்கறாங்கன்னு என்னையே விக்கிறியாடா!" என்று கத்திக்கொண்டு இரண்டாவது அடியும் அடித்தேன். மூன்றாவதற்கு ஓங்கும்போது அந்த அண்ணன்காரன் என் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இரண்டு பேரும் வண்டியிலிருந்து மண்ணில் விழுந்தோம். அவன் என் முகத்தில் குத்தினான். நான் அவன் தோளைக் கடித்தேன். என் வாயெல்லாம் ரத்தம். அவனுடையது பாதி, என்னுடையது பாதி. மேலே பார்த்தால் மச்சான் தன் இடது கையால் வலது கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சீட்டெல்லாம் சிவப்பாகிவிட்டது. "மாமா, இன்னா ஆச்சி மாமா ஒங்களுக்கு?" என்றான். கை உடைந்தவன் என்னைப் பார்த்துக் கேட்கிறான்.

என் வண்டியிலேயேதான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தம்பிக்காரன் ஓட்டினான். என்னை ஏற்றவில்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கே தகடு வைத்துத் தைத்தார்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டதற்கு மச்சான், "மரத்துல இருந்து வுழுந்துட்டேன் சார்" என்றானாம். டாக்டர் நம்பியிருக்க மாட்டார். விழுந்தவனுக்குப் புறங்கையில் அப்படி இரண்டு பட்டை விழுமா? எலும்பு கூடிவிடும், நரம்பும் அடிபட்டிருக்கிறது, பிடிமானம் வருகிறதா என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பினார். பெண் வீட்டாரும் அதே மூன்று மாதத்தைத்தான் சொன்னார்கள். "பங்குனி கழியட்டும். மரம் ஏறுறவன்னுதான் பொண்ணு குடுக்கறதா சொன்னோம். கை எப்டி கீதுன்னு பாத்துட்டு பேசலாம்."

அடித்த அன்று சாயங்காலம் என் மனைவி வீட்டுக்குள் வந்த வேகத்தில் அடுப்பில் எரிந்துகொண்டிருந்த கொள்ளிக் கட்டையை உருவினாள். நான் நகரவில்லை. என் தோளில் வைத்து இழுத்தாள். சட்டை பொசுங்கித் தோல் வழன்றது. "இன்னாத்துக்குடா அடிச்ச எம்புள்ளய? சொல்லு, இன்னாத்துக்கு?" கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் என்னை 'டா' போட்டது அன்றுதான். நான் போனை எடுத்து நீட்டினேன். "நா சொல்லல, இதப் படி. அவன் திருட்டாட்டம் ஆடறான்னு இதுவே சொல்லுது" என்றேன். அந்த நிமிஷம்கூட நான்தான் நியாயஸ்தன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் பத்தாவது வரை படித்தவள். கொள்ளிக் கட்டையை ஒரு கையில் வைத்துக்கொண்டே மேலிருந்து படித்தாள். சத்தமாகப் படித்தாள். "சீட்டு இடக்கைப் பக்கமாகச் சுற்றுகிறது என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். உங்கள் ஊரில் வலக்கைப் பக்கமாகச் சுற்றினால் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். தயவுசெய்து உறுதிப்படுத்துங்கள்." நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் படித்த அந்த வரியையும் படித்தாள். பிறகு கடைசி வரி. "ஒருவர் மனதில் இருப்பதை என்னால் சொல்ல முடியாது. அவரிடமே கேட்டுப் பாருங்கள்."

"ஏன்யா," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "நம்ம ஊர்ல சீட்டு எந்தக் கைப்பக்கம் போவும்?"

எங்கள் மலையில், ஏன், கீழே கலசப்பாக்கம் கணியம்பாடி வரைக்கும், சீட்டு வலக்கைப் பக்கமாகத்தான் சுற்றும். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனால் நான் அதனிடம் யார் யார் என்ன போட்டார்கள் என்று உட்கார்ந்திருந்த வரிசையில் இடதிலிருந்து சொன்னேனே தவிர, எனக்கு அடுத்து யார் போட்டார்கள் என்று சொல்லவில்லை. நடந்தது வேறு. நான் ராஜா போட்டதும் வலப்பக்கத்தான் பத்தைப் போட்டு அதை அடித்தான். அந்தப் பத்தை அடிக்கத்தான் மச்சான் ஒன்பதை இறக்கினான். இடப்பக்கத்தான் கடைசியில் ஜாக்கியைப் போட்டு வாரிக்கொண்டான். மச்சான் ஒன்பதைப் போடும்போது ஜாக்கி வெளியில் வரவே இல்லை. அன்று மதியம் என் கண் முன்னாலேயே ஒன்பது முதலில் விழுந்தது, ஜாக்கி பிறகுதான் விழுந்தது. பார்த்தது என் கண்தான். கண்ணிருந்து என்ன செய்ய, உள்ளே இருந்தவன் இரண்டு நாள் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டானே.

இருந்தாலும் என் திமிர் விடவில்லை. வண்டி இல்லை, அதனால் அந்தத் திருப்பம் வரை நடந்தே போனேன். வரிசையைச் சரியாகச் சொல்லி, நான் உயர்த்திக் கேட்டதையும் சேர்த்து மறுபடி கேட்டேன். 'அப்படியானால் உங்கள் கூட்டாளி ஆடியது சரி' என்று வந்தது. 'நீங்கள் உயர்த்திக் கேட்டதால், ஜாக்கி உங்களிடம் இருப்பதாக அவர் நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கையில் ஒன்பதை இறக்குவது நல்ல ஆட்டம். மூன்று முறையும் ஜாக்கி கடைசியாக ஆடியவரிடம் இருந்தது துரதிர்ஷ்டம். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே ஆடியிருப்பேன்.'

வீட்டுக்கு வந்ததும் போனை அம்மிக்கல்லின் மேல் வைத்துக் குழவியைத் தூக்கினேன். என் மனைவி குறுக்கே வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். "அத ஏன்யா ஒடைக்கற? அது ஒழுங்காத்தானே கேட்டுச்சி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இன்னும் எத்தினிய ஒடைக்கணும் ஒனக்கு?" குழவியைக் கீழே வைத்தேன். அன்றைக்கு அழுதேன். பெரிய மனுஷன் மாதிரி இல்லை, மூக்கு ஒழுக அழுதேன். அவள் எழுந்து வந்து தேற்றவில்லை. ஏன் தேற்ற வேண்டும்?

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து மச்சானைக் கூட்டிவரப் போனேன். அவன் வர மாட்டான் என்று நினைத்தேன். ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான். அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். மலை ரோட்டில் பாதி தூரம் ஏறியதும், கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடியே கேட்டான்.

"மாமா, அதுகிட்ட கேட்டீங்களாமே, நா வேணும்னே செய்றனான்னு."

"ஆமாண்டா."

"எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"இன்னான்னு சொல்லியிருப்ப?"

"நீங்க அவ்ளோ ஒசத்தி கேட்டீங்க. ஜாக்கி ஒங்ககிட்டதான் கீதுன்னு நம்பி வுட்டேன் மாமா. வேற இன்னா சொல்லுவேன்?"

வண்டியைத் தடுப்புச் சுவரில் மோதிவிடலாமா என்று வந்தது. அவன் பக்கத்தில் இருந்ததால் மோதவில்லை.

தையில் பந்தயம் வந்தது. எனக்குக் கூட்டாளி இல்லை. எங்கள் ஊர் ஆடாமலே தோற்றதாக முடிவாயிற்று. யாரும் கூப்பிடாமல் நானாகப் போய் அந்தப் பந்தியில் அத்தனை இலையையும் எடுத்தேன். ஒருத்தன் வாயிலிருந்தும் ஒரு கிண்டல் வரவில்லை. போன வருஷம் என்னிடம் புருவம் கிழிந்தவன்கூடத் தன் இலையைத் தானே மடித்து என் கையில் கொடுத்தான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

மச்சான் பாடாய்ப் பட்டான். ஒரு ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு காலையிலிருந்து பிசைவான். விரல் மடங்கும், ஆனால் இறுகாது. வலியில் நெற்றி வேர்க்கும். என் மனைவி எண்ணெய் சுட வைத்து நீவி விடுவாள். நான் வாசலில் நின்று பார்ப்பேன். உள்ளே போனால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். பங்குனி பிறந்ததும் ஊரில் எல்லா மரத்திலும் உலுக்கு ஆரம்பமாகிவிட்டது. எங்கு பார்த்தாலும் புளியம்பழம் சடசடவென்று விழுகிற சத்தம். அவன் தாங்க மாட்டாமல் ஒரு நாள் காலையில் எழுந்து, "மாமா, வாங்க. ஏறிப் பாத்துடறேன்" என்றான். பெண் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய கெடுவுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

எங்கள் கொல்லையில் இருக்கிற மரத்துக்குப் போனோம். பெரிய மரம் இல்லை. முன்பு அவன் பேசிக்கொண்டே ஏறுகிற மரம். இடது கையால் முதல் கவட்டையைப் பிடித்துக் காலை ஊன்றி எழும்பினான். வலது கையை மேல்கிளையில் போட்டான். விரல்கள் கிளையைச் சுற்றி வளைந்தன. காலை எடுத்து உடம்பின் பாரத்தை அந்தக் கைக்குக் கொடுத்தான். விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. மரத்தோடு சரிந்து, நெஞ்செல்லாம் பட்டையில் உரசி, கீழே வந்து விழுந்தான். மறுபடி ஏறினான். மறுபடி விழுந்தான். மூன்றாம் முறை முகம் அடிமரத்தில் மோதி மூக்கில் ரத்தம் வந்தது. உட்கார்ந்துவிட்டான்.

அப்போதாவது என் வாய் சும்மா இருந்திருக்கக்கூடாதா? பயம். என் பயமெல்லாம் வாய் வழியாகக் கோபமாகத்தான் வெளியே வரும், என் பிறவி அப்படி. "எழுந்திருடா! பயந்துக்கினு புடிச்சா அப்டித்தான் வழுக்கும். கெட்டியா புடி! பொம்பள மாதிரி குந்திக்கினு கீற!" என்று கத்தினேன்.

எழுந்தான். என் கிட்டே வந்தான். வலது கையை ஓங்கி என் கன்னத்தில் அறைந்தான்.

என்னை அவன் அடித்ததே இல்லை. தோளிலிருந்து முழு உடம்பையும் சுழற்றித்தான் அடித்தான், பார்த்தேன். ஆனால் கன்னத்தில் வந்து பட்டது ஈரத் துணி மாதிரி இருந்தது. அவனுக்கும் தெரிந்துவிட்டது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுபடி அறைந்தான். இன்னும் வேகமாக, பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னொன்று. மூக்கு ரத்தம் என் சட்டையில் தெறித்தது. நான் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். கடவுளே, ஒன்றாவது வலிக்கட்டும், ஒரு பல்லாவது விழட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். அவனுக்கு மூச்சு வாங்கியது. கையைத் தொங்கவிட்டான்.

"வலிக்குதா மாமா?" என்றான்.

"வலிக்குதுடா" என்றேன். "ரொம்ப வலிக்குது."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதை அவன் நம்பவில்லை.